முட்டைக்குள் ஒரு ஜாதகம்!

பால் பைதான் என்று ஒரு பாம்பு. பெயரைக் கேட்டதும் புற்று, பால், முட்டை என்று மனசு போகும். இந்தப் பால் வேறு; ஆங்கிலப் பந்து. பயம் வந்துவிட்டால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு, உடம்பைச் சுற்றிச் சுற்றி வைத்து உருண்டைப் பந்தாகிவிடும். அதனால் அமெரிக்காவில் இந்தப் பெயர். ஐரோப்பாவில் இதையே ராயல் பைதான் என்கிறார்கள்.

மலைப்பாம்புக் குடும்பம்தான். ஆனால் ஆட்டை, மாட்டை விழுங்கும் அளவுக்கெல்லாம் வளராது. மூன்றிலிருந்து ஐந்து அடி நீளம். விஷம் கிடையாது. சாப்பாட்டுக்கு எலி போதும். சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. பெனின் நாட்டின் விடா நகரில் இந்தப் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது. வழி தவறி வீட்டுக்குள் வந்துவிட்டால்கூட அங்கே யாரும் அடிக்க மாட்டார்கள். மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் விட்டுவிடுவார்கள்.

காட்டில் இதன் நிறம் ரொம்ப சாதாரணம். கறுப்போடிய பழுப்பு, அதன் மேல் வெளிர் பழுப்புத் திட்டுகள். சருகுக்கு நடுவே படுத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அமெரிக்காவின் டின்லி பார்க்கிலோ, ஜெர்மனியின் ஹாம் நகரிலோ நடக்கும் ஊர்வன கண்காட்சிக்குள் நுழைந்தால், இதே பாம்பு ஜவுளிக்கடை ஷோகேஸ் மாதிரி வரிசை கட்டி நிற்கும். சுண்ணாம்பு வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, நீளக்கோடு, புள்ளியே இல்லாதது, பாதி வெள்ளை பாதி பழுப்பு... ஒவ்வொரு ரகத்தையும் மார்ஃப் என்கிறார்கள். ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கிய கூட்டு ரகங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்க்கும் அன்றைக்கே, முட்டையிலிருந்து எந்த நிறம் வரும், எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்று வளர்ப்பாளர்கள் எழுதி வைத்துவிடுகிறார்கள். முட்டை வெளியே வரவே மாதக்கணக்கு ஆகும். அதற்குப் பிறகு 31, 32 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறக்குறைய இரண்டு மாதம் அடைகாக்க வேண்டும். அதற்கு முன்பே ஜாதகம் ரெடி!

இந்த ஜாதகத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? அது எந்த இடத்தில் பலிக்கும், எந்த இடத்தில் காலை வாரும்?

இரண்டு நாற்காலிகள்

1992ல் பாப் கிளார்க் என்ற அமெரிக்க வளர்ப்பாளரிடம் அல்பினோ பால் பைதான் குட்டிகள் பொரிந்தன. காட்டில் எப்போதாவது ஒன்று தென்படும் வெள்ளை மஞ்சள் பாம்பு, கூண்டில் கணக்குப் போட்டு வரவழைக்கப்பட்டது அதுதான் முதல் முறை. இந்த நிறம் நோயாலோ தற்செயலாலோ வந்ததல்ல, பரம்பரையாக இறங்குவது என்று அப்போது நிரூபணமானது.

எப்படி இறங்குகிறது? ஒவ்வொரு மரபணுவுக்கும் பாம்பின் உடலில் இரண்டு நாற்காலிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அப்பா கொடுத்த பிரதி உட்காரும். இன்னொன்றில் அம்மா கொடுத்தது. இந்தப் பாம்பு நாளைக்குத் தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். எதைக் கொடுக்கும் என்பது பூவா தலையா.

மெலனின் என்ற கறுப்புச் சாயத்தைத் தயாரிக்க டைரோசினேஸ் என்று ஒரு என்சைம் வேண்டும். அதைச் செய்யும் மரபணுவில் பழுது வந்தால் கறுப்பு உருவாகாது. மஞ்சள் சாயம் வேறு செல்களில் இருப்பதால் அது மட்டும் தங்கிவிடும். அதனால்தான் அல்பினோ பைதான் முழு வெள்ளையாக இல்லாமல் மஞ்சள் வடிவங்களோடு இருக்கிறது. ஆனால் இரண்டு நாற்காலியில் ஒன்றில் நல்ல பிரதி உட்கார்ந்திருந்தாலும் போதும், அது ஒன்றே தேவையான என்சைமைச் செய்துவிடும். பாம்பு பார்க்க சாதாரணப் பழுப்பாகவே இருக்கும். பழுதான பிரதி உள்ளே பேசாமல் உட்கார்ந்திருக்கும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒடுங்குதன்மை என்று படித்தோமே, அது இதுதான். இப்படி ரகசியமாகச் சுமக்கும் பாம்பைச் சந்தையில் 'ஹெட்' என்பார்கள்.

ஆக, அல்பினோவையும் சாதாரணப் பாம்பையும் சேர்த்தால் அத்தனை குட்டியும் பழுப்பு. விஷயம் தெரியாதவர் "ஏமாந்தோம்" என்று நினைப்பார். தெரிந்தவர் சிரிப்பார். ஏனென்றால் அத்தனையும் ஹெட். அந்தக் குட்டிகளை வளர்த்து, இன்னொரு ஜோடியின் ஹெட்டோடு சேர்த்தால் நான்கு வழிகள். இரண்டு நல்ல பிரதி, ஒரு வழி. ஒன்று நல்லது ஒன்று பழுது, இரண்டு வழி. இரண்டும் பழுது, ஒரு வழி. அந்தக் கடைசிக் குட்டிதான் அல்பினோ. தாத்தாவின் நிறம் அப்பாவிடம் தெரியாமல் இருந்து பேரனிடம் வந்து நிற்கிறது.

இதை நாலு கட்டம் போட்டு எழுதும் முறைக்குப் புன்னட் கட்டம் என்று பெயர். ரெஜினால்ட் புன்னட் என்ற பிரிட்டிஷ் மரபியலாளர் வகுத்தது. கணக்கு மட்டும் 1866ல் பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் பாதிரியார் எழுதியதுதான். பட்டாணிக்குப் பதில் பாம்பு, அவ்வளவே.

முட்டைக்கு ஞாபகசக்தி இல்லை

நான்கில் ஒன்று அல்பினோ என்றதும் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. நாலு முட்டை வந்தால் ஒன்று நிச்சயம் அல்பினோ என்று நினைத்துவிடுவது. வரிசையாக மூன்று பெண் குழந்தை பிறந்தால் நாலாவது ஆண்தான் என்று பாட்டிகள் சொல்வார்களே, அதே கணக்கு. முன்னால் என்ன வந்தது என்று முட்டைக்குத் தெரியாது. ஒவ்வொரு முட்டைக்கும் புதிதாகப் பூவா தலையா போடப்படுகிறது.

பால் பைதான் ஒரு ஈட்டில் சராசரியாக ஆறு முட்டை இடும். ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்த ஆறு முட்டையில் ஒரு அல்பினோகூட இல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு? ஒரு முட்டை அல்பினோ ஆகாமல் இருக்க நான்கில் மூன்று. அதை ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 18 சதவீதம். அதாவது ஆறு ஜோடிகள் இதே ஆசையோடு சேர்க்கப்பட்டால், அதில் ஒரு ஜோடிக்கு மொத்தமும் பழுப்பாகவே வரும். பெண் பாம்பு முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று வருடம் ஆகும் என்பதை இதோடு சேர்த்து யோசித்தால், இந்த 18 சதவீதம் எவ்வளவு கனமானது என்று புரியும்.

சரி, அந்த ஈட்டில் வந்த பழுப்புக் குட்டிகளின் கதி? அவற்றில் சில ஹெட், சில சாதாரணம். பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. நாலு வழிகளில் அல்பினோவை நீக்கினால் மிச்சம் மூன்று. அதில் இரண்டு ஹெட். அதனால் ஒவ்வொரு பழுப்புக் குட்டிக்கும் '66 சதவீதம் ஹெட்' என்று சீட்டு எழுதி விற்கிறார்கள். பெற்றோரில் ஒன்றே ஒன்று மட்டும் ஹெட் என்றால் '50 சதவீதம் ஹெட்'. பெற்றோரில் ஒன்று கண்ணுக்குத் தெரியும் அல்பினோ என்றால் சந்தேகமே இல்லை, '100 சதவீதம் ஹெட்'.

வாங்குகிறவர் வழுக்கி விழுவது இங்கேதான். 66 சதவீதம் என்றால் அந்தப் பாம்பு மூன்றில் இரண்டு பங்கு அல்பினோ என்று அர்த்தமில்லை. அது ஒன்று ஹெட், அல்லது ஹெட்டே இல்லை. நடுவில் எதுவும் கிடையாது. சதவீதம் நம் அறியாமையின் அளவுதான்.

உண்மையைக் கண்டுபிடிக்க வளர்ப்பாளர்கள் அந்தப் பாம்பை ஒரு அல்பினோவோடு சேர்ப்பார்கள். ஒரே ஒரு அல்பினோ குட்டி வந்துவிட்டால் வழக்கு முடிந்தது, அது ஹெட்தான். வராமல் போனால்? ஆறு முட்டையும் பழுப்பாகப் பொரிந்தால், 66 சதவீதமாக இருந்த நம்பிக்கை கிட்டத்தட்ட 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பூஜ்யம் ஆகாது. ஆனால் அந்த மூன்றை நம்பி இன்னொரு வருடத்தைச் செலவழிக்க யாரும் துணிவதில்லை.

இந்த வியாபாரம் முழுக்க நம்பிக்கையில்தான் ஓடுகிறது. 100 சதவீதம் ஹெட் என்று சொல்லி ஒருவர் சாதாரணப் பழுப்புப் பாம்பை விற்றால், வாங்கியவருக்கு அது தெரிய சில வருடங்கள் ஆகும். அதற்குள் விற்றவர் கடையையே மாற்றியிருக்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பாம்பைப் பார்ப்பதற்கு முன் அதன் பெற்றோரின் படத்தையும் குறிப்பேட்டையும் கேட்கிறார்கள்.

மறைக்கத் தெரியாத மரபணு

எல்லா நிறமும் இப்படி ஒளிந்து விளையாடுவதில்லை. பேஸ்டல் என்று ஒரு ரகம். ஒரே ஒரு பிரதி இருந்தாலே மஞ்சள் தூக்கலாகத் தெரிந்துவிடும். இரண்டு பிரதி சேர்ந்தால் இன்னும் அதிகமாக வெளுத்து, 'சூப்பர் பேஸ்டல்' ஆகிவிடும். பாடப்புத்தகம் இதை முழுமையற்ற ஓங்குதன்மை என்கிறது. டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் சர்க்கரை மாதிரி.

பேஸ்டலும் பேஸ்டலும் சேர்ந்தால் நான்கில் ஒன்று சூப்பர், இரண்டு பேஸ்டல், ஒன்று சாதாரணம். சூப்பரையும் சாதாரணத்தையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாமே பேஸ்டல். இங்கே ரகசியமும் இல்லை, சதவீதச் சீட்டும் தேவையில்லை. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

கொஞ்சம் குழப்பும் சங்கதி அடுத்தது. அல்பினோ போலவே வெளிறிய இன்னொரு ரகம் லாவெண்டர் அல்பினோ. இரண்டையும் சேர்த்தால் குட்டிகள் வெளிறித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். பொரிந்து வருவது அத்தனையும் பழுப்பு! காரணம், இரண்டும் வெவ்வேறு மரபணுவின் பழுது. அப்பாவிடம் கெட்டுப்போன நாற்காலிக்கு அம்மா நல்ல பிரதி கொடுக்கிறாள்; அம்மாவிடம் கெட்டதற்கு அப்பா கொடுக்கிறார். பிள்ளை இரண்டு ரகசியத்தையும் சுமந்துகொண்டு பழுப்பாகத் திரிகிறது.

இதற்கு நேர் எதிர் மொஹாவியும் லெஸ்ஸரும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பழுப்பின் வெவ்வேறு சாயல்கள். சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி பால் வெள்ளை உடம்பும் நீலக் கண்ணுமாக வந்து நிற்கும். பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் உட்காருவது ஒரே நாற்காலியில் என்பதுதான் சூட்சுமம். அதனால் இதே கூட்டத்தைச் சேர்ந்த மூன்று ரகங்களை ஒரே பாம்பில் ஏற்ற ஒருபோதும் முடியாது. இருப்பதே இரண்டு நாற்காலி. மூன்றாவது ஆள் நிற்கத்தான் வேண்டும்!

ரகத்தின் பெயரை மட்டும் பார்த்து ஜோடி சேர்க்காமல், எது எந்த நாற்காலி என்று தெரிந்து சேர்ப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி வித்தை.

பதினாறில் ஒன்று

1997ல் பீட்டர் கால் என்ற வளர்ப்பாளர் பைபால்ட் ரகமும் பரம்பரையாக இறங்குவதை நிரூபித்தார். உடம்பில் அங்கங்கே சாயமே இல்லாமல் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. நடுநடுவே வழக்கமான நிறம். இதுவும் ஒடுங்குதன்மைதான். இப்போது ஒருவருக்கு அல்பினோவும் பைபால்டும் ஒரே பாம்பில் வேண்டும் என்று ஆசை.

முதல் தலைமுறையில் அல்பினோவையும் பைபால்டையும் சேர்க்க வேண்டும். எல்லாம் பழுப்பு, எல்லாம் இரட்டை ஹெட். குட்டிகள் வளர மூன்று வருடம். பிறகு இரட்டை ஹெட்டை இரட்டை ஹெட்டோடு சேர்க்க வேண்டும். அல்பினோ ஆக நான்கில் ஒன்று. பைபால்ட் ஆக நான்கில் ஒன்று. இரண்டும் ஒன்றாக அமையப் பதினாறில் ஒன்று. ஆறு முட்டை ஈட்டில் அந்த ஒன்று கிடைக்காமல் போகவே 68 சதவீத வாய்ப்பு. மூன்று ரகம் வேண்டும் என்றால் அறுபத்து நான்கில் ஒன்று.

அப்படியானால் எல்லோரும் எப்படிச் சாதிக்கிறார்கள்? குறுக்கு வழி உண்டு. இரண்டாம் தலைமுறையில் கிடைக்கும் அல்பினோ குட்டிகளில் சில பைபால்டையும் ரகசியமாகச் சுமக்கும். அப்படி ஒன்றை நிரூபித்து, அதை இரட்டை ஹெட்டோடு சேர்த்தால் வாய்ப்பு எட்டில் ஒன்றாகக் கூடும். கண்ணுக்குத் தெரியும் நிறம் ஒவ்வொன்றும் கணக்கில் ஒரு சந்தேகத்தைக் குறைக்கிறது. பொறுமைசாலிகள் இந்த வழியில் போகிறார்கள். அவசரக்காரர்கள் நிறைய ஜோடி சேர்த்து நிறைய முட்டை எடுக்கிறார்கள்.

வாழைப்பழம் கொடுத்த அதிர்ச்சி

பாம்பு வளர்ப்பவர்களின் நோட்டுப் புத்தகம் விஞ்ஞானிகளுக்கே பாடம் எடுத்த கதை ஒன்றும் இதில் உண்டு.

பனானா என்று ஒரு மஞ்சள் ரகம். வயதாக ஆகக் கனிந்த வாழைப்பழம் போலக் கரும்புள்ளி விழும். பனானா ஆண் ஒன்றை வைத்துக் குட்டி எடுத்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சில ஆண்களுக்குப் பிறக்கும் பனானா குட்டிகள் பெரும்பாலும் ஆணாகவே இருந்தன. வேறு சில ஆண்களுக்கு, பெரும்பாலும் பெண்ணாகவே. பழைய ஏட்டைப் புரட்டியதும் ஒழுங்கு தெரிந்தது. அந்த ஆண் தன் அப்பாவிடமிருந்து பனானாவை வாங்கியிருந்தால் அதன் பனானா பிள்ளைகள் ஆண்கள். அம்மாவிடமிருந்து வாங்கியிருந்தால் பெண்கள்.

இதில் என்ன அதிசயம்? பாம்புகள் எல்லாம் பறவைகளைப் போலத்தான் என்று வெகுகாலமாகப் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. பறவைகளில் வேறுபட்ட இரண்டு பால் குரோமோசோம் இருப்பது பெண்ணுக்கு. ஆணுக்கு ஒரே மாதிரி இரண்டு. அப்படியென்றால் ஆண் பாம்பு கொடுக்கும் நிறம் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் போக வேண்டும். அப்பாவிடம் வாங்கியதா, அம்மாவிடம் வாங்கியதா என்ற கேள்வியே எழக்கூடாது. ஆனால் நோட்டுப் புத்தகம் வேறு சொன்னது. மனிதர்களைப் போல, இந்தப் பாம்பில் ஆணுக்குத்தான் எக்ஸ், ஒய் என்று வேறுபட்ட ஜோடி இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். பனானா ஒய்யில் ஏறியிருந்தால் மகனுக்குப் போகும். எக்ஸில் இருந்தால் மகளுக்கு. எப்போதாவது இரண்டு குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் சில விதிவிலக்குகள்.

2017ல் டோனி கேம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும், போவா பாம்பு ஒன்றிலும் பர்மிய மலைப்பாம்பிலும் எக்ஸ், ஒய் முறைதான் இருக்கிறது என்று டி.என்.ஏ. ஆதாரத்தோடு வெளியிட்டார்கள். பல்லாண்டு காலப் பாடம் திருத்தப்பட்டது. பொழுதுபோக்குக்காகப் பாம்பு வளர்த்தவர்கள் பொறுமையாக எழுதி வைத்த ஆண், பெண் எண்ணிக்கைக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

சட்டையை அனுப்புங்கள்!

இப்போது ஆய்வுக்கூடங்களும் இந்தக் களத்தில் இறங்கிவிட்டன. அதற்காகப் பாம்பை ஊசியால் குத்தவேண்டிய அவசியம் இல்லை. அது உரித்துப் போட்ட சட்டையே போதும். அதில் டி.என்.ஏ. இருக்கிறது. ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹன்னா சைடலும் மாணவர்களும் வளர்ப்பாளர்களிடம் சட்டைகளைக் கேட்டு வாங்கி ஆராய்ந்தார்கள். 2022ல் முடிவு வந்தது. அல்பினோ, லாவெண்டர் அல்பினோ, அல்ட்ராமெல் ஆகிய மூன்று ரகங்களுக்கும் மூன்று தனித்தனி மரபணுக்கள் காரணம். மனிதர்களில் அல்பினிசத்துக்குக் காரணமாகும் மரபணுக்களின் பட்டியலிலும் அதே மூன்றும் இருக்கின்றன. அடுத்த ஆண்டே, பைபால்டுக்குப் பின்னால் டிஃபெக் என்ற மரபணு இருப்பதைக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதன் பலன் நேரடியானது. சில ரகங்களுக்கு, 66 சதவீதச் சீட்டை வைத்துக்கொண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. உரித்த சட்டையில் ஒரு துண்டை அனுப்பினால் ஹெட்டா இல்லையா என்று தெரிந்துவிடும். ஏமாற்றுகிறவர்களுக்கும் இது கெட்ட செய்தி.

தலை ஆடும் சிலந்தி

கணக்குச் சரியாக இருந்தாலும் செய்யலாமா என்ற கேள்வி தனி. அதற்கு உதாரணம் ஸ்பைடர்.

1999ல் அமெரிக்க வளர்ப்பாளர் கெவின் மெக்கர்லி அறிமுகப்படுத்திய ரகம். உடம்பெல்லாம் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய கறுப்புக் கோடு. ஒரு பிரதி இருந்தாலே தெரியும். பிள்ளைகளில் பாதி ஸ்பைடர். அழகு, சுலபம், எந்த ரகத்தோடும் நன்றாகக் கலக்கும். சந்தையே பைத்தியமானது.

ஆனால் ஸ்பைடர் பாம்புகளின் தலை ஆடும். சிலவற்றுக்கு லேசாக. சிலவற்றுக்குத் தலை திருகிக்கொண்டு, எது மேல் எது கீழ் என்றே தெரியாமல், எலியைக் குறிவைத்தால் குறி தப்பும் அளவுக்கு. நல்ல குட்டியாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தால் ஆட்டம் போய்விடும் என்று பலர் முயன்றார்கள். போகவில்லை. நிறமும் ஆட்டமும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே இறங்கின. ஸ்பைடரும் ஸ்பைடரும் சேர்ந்தால் கணக்குப்படி நான்கில் ஒன்று சூப்பர் ஸ்பைடர் ஆக வேண்டும். அப்படி உயிரோடு வளர்ந்த ஒன்றை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. இரண்டு பிரதி சேர்ந்தால் கரு பிழைப்பதில்லை என்பதே வளர்ப்பாளர்களின் பொதுவான முடிவு.

2022ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் நுண் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பைச் சமநிலையில் நிறுத்தும் உள்காதின் அரைவட்டக் குழல்களும் அதை ஒட்டிய பையும் ஸ்பைடர் பாம்புகளில் கோணலாக வளர்ந்திருந்தன. பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்த ஆட்டம், நாளெல்லாம் தீராத தலைசுற்றலாக இருக்கக்கூடும் என்று புரிந்தது. அதற்கு முன்பே, பிரிட்டனின் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டலாஜிக்கல் சொசைட்டி தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனைக்கு 2018 முதல் தடை போட்டுவிட்டது. வேறு பல இடங்களில் இன்றைக்கும் விற்பனை நடக்கிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறது, வளர்கிறது, முட்டையிடுகிறது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பாம்புக்கு முனகத் தெரியாது. நாய்க்குட்டி தள்ளாடினால் வீடே பதறும்; பாம்பு தள்ளாடினால் "அதன் ஸ்டைல்" என்று சொல்லிவிட முடிகிறது. இந்தப் பிறவிக் குறை தற்செயலாக வருவதும் இல்லை. பிள்ளைகளில் பாதிக்கு வரும் என்று தெரிந்தே, கட்டம் போட்டு வரவழைப்பது.

நம்ம ஊர் சட்டம்

படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டியிலிருந்து பால் பைதான்களைச் சுங்கத் துறையினர் பறிமுதல் செய்வது பலமுறை செய்தியாகியிருக்கிறது. இந்தப் பாம்பு, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். குட்டி பொரிந்தாலும் தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் கொண்டுவருவது குற்றம். நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதும் 1972ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான். பெட்டியில் துணிக்கு நடுவே அடைத்துக் கொண்டுவரும் பயணத்தில் பாம்பு படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சக் கணக்கு

சட்டம் அனுமதிக்கும் நாடுகளிலும் இன்று ஒரு புதுச் சிக்கல் எழுந்திருக்கிறது. முதல் அல்பினோவும் முதல் பைபால்டும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போன காலம் மலையேறிவிட்டது. அதே ரகங்கள் இன்று சில நூறு டாலருக்கும் அதற்குக் குறைவாகவும் கிடைக்கின்றன. எல்லோரும் கணக்குக் கற்றுக்கொண்டார்கள். எல்லோரும் முட்டை எடுத்தார்கள். சாதாரணப் பழுப்புக் குட்டியை வாங்க ஆள் தேடவேண்டிய நிலைமை. வளர்க்க முடியாமல் கைவிடப்பட்ட பாம்புகளைக் காப்பகங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

பதினாறில் ஒன்று என்று சொல்லும்போது எல்லோர் கண்ணும் அந்த ஒன்றின் மேல்தான். மிச்சம் பதினைந்தையும் அதே கட்டம் சொல்கிறது. மூன்று அல்பினோ, மூன்று பைபால்ட், ஒன்பது பழுப்பு. இவையும் முட்டையைக் கிழித்துக்கொண்டு தலையை நீட்டும்; சாப்பாடு கேட்கும்; நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் உயிரோடு இருக்கும். வீட்டில் இன்று பிறந்த குழந்தை படித்து முடித்து வேலைக்குப் போகும் வரைக்கும்!

ஆணையும் பெண்ணையும் சேர்ப்பதற்கு முன் போடும் அந்தக் கட்டத்தில், பதினைந்துக்கும் ஒரு கூண்டு, ஒரு எலி, வைத்துக் காப்பாற்ற ஒரு வீடு என்று எழுதிப் பார்க்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் அந்த வருடம் ஜோடி சேர்க்காமல் இருப்பவர்தான் கணக்குத் தெரிந்த வளர்ப்பாளர்.